வட்டத்தை நிரப்பவும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் தமிழ் நாளிதழ்கள் எல்லாம் மாதிரி வினா-விடைப் பக்கத்தைத் தொடங்கிவிடுகின்றன. ஊர்ப்புற நூலகங்களில் அந்தப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பவர்கள் ஏராளம். அதில் வினா இருக்கிறது, விடை இருக்கிறது. அந்த விடையை ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டங்களைக் கறுப்பாக நிரப்பிக் கருவியால் திருத்தப்படும் விடைத்தாளில், எப்படிக் குறிப்பது என்பதற்கு மட்டும் யாரும் இடம் ஒதுக்குவதில்லை. பயிற்சி வகுப்புகளிலும் இதே கதைதான். ஆறு மாதம் தமிழும் வரலாறும் கணக்கும் நடத்துகிறார்கள். விடைத்தாளைத் தேர்வுக்கு முந்தைய நாள் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, "வட்டத்தை நல்லா ஷேட் பண்ணுங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். 2022-ல் இந்தத் தேர்வுக்கு 22 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேர் போட்டியிடும் இடத்தில் ஒரே ஒரு வினா, தரவரிசையில் எங்கோ கொண்டுபோய்த் தள்ளிவிடும். விடை தெரியாமல் அந்த ஒன்றரை மதிப்பெண் போனால் அடுத்த முறை இன்னும் படிக்கலாம். தெரிந்த விடை வட்டம் மாறிப் போவதைத்தான் தாங்க முடியவில்லை. அதுவும் முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில் கருவி என்ன பார்க்கிறது என்று தேர்வர்களுக்குச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களும் எழுத்துகளும் பெரும்பாலும் இளஞ்சிவப்பு போன்ற வெளிர் நிறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். படிக்கும் கருவியின் ஒளியில் அந்த நிறம் மறைந்துவிடும்படி தேர்ந்தெடுத்த மை அது. கருவிக்கு எஞ்சித் தெரிவது நாம் வைத்த கறுப்பு மட்டுமே. ஒவ்வொரு வட்டமும் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு பரப்பு கறுத்திருக்கிறது என்று கருவி அளக்கும். ஓர் அளவுக்கு மேல் கறுத்திருந்தால் 'குறிக்கப்பட்டது', குறைந்தால் 'வெற்று'. டிக் அடித்தாலோ, பெருக்கல் குறி போட்டாலோ, நடுவில் பொட்டு வைத்தாலோ கறுத்த பரப்பு போதாது. மனிதக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது கருவிக்கு வெற்றிடமாகவே இருக்கலாம். வட்டத்தைத் தாண்டி பக்கத்து வட்டம் வரை வழிய நிரப்பினாலோ இரண்டு விடை குறித்ததாக ஆகிவிடும்.

வட்டம் இருக்கும் இடத்தைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? தாளின் ஓரத்தில் வரிசையாக அச்சிட்ட சிறு கறுப்புக் கட்டங்களையும் மூலைகளில் உள்ள கறுப்புச் சதுரங்களையும் வைத்துத்தான். அவற்றின் மீது பேனா பட்டாலோ, மூலை மடங்கினாலோ, தாள் ஈரத்தில் நெளிந்தாலோ ஒரு விடைக்கு மட்டும் அல்ல, பக்கம் முழுவதற்குமே சிக்கல் வரும். தாளை மடிக்காதே, கசக்காதே, ஓரத்தில் எழுதாதே என்பதெல்லாம் இதற்காகத்தான். பார்கோடு இருந்தால் அதற்கும் இதே கவனம் தேவை.

பென்சிலில் நிரப்பினால் என்ன என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். 1938-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 805 என்ற விடை திருத்தும் கருவி பென்சில் குறிகளைத்தான் படித்தது. பென்சில் கரியில் மின்சாரம் பாயும். அந்த மின்னோட்டத்தை வைத்தே அது மதிப்பெண் போட்டது. இன்றைய கருவிகள் ஒளியால் படிப்பவை. பென்சில் கோடு வெளிறும், பளபளக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் யாராவது அழித்து மாற்றிவிட முடியும். எனவே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குக் கறுப்பு மை பால்பாயின்ட் பேனா மட்டுமே.

ஜெல் பேனா கறுப்பாகத்தானே இருக்கிறது என்று கொண்டுவருபவர்கள் உண்டு. ஜெல் மை காய நேரமெடுக்கும். உள்ளங்கை பட்டால் இழுபடும். இழுபட்ட கறை அடுத்த வட்டத்தில் போய்ப் படியும். தாளின் மறுபக்கம் ஊறித் தெரிவதும் உண்டு. பால்பாயின்டிலும் மிக நுண்ணிய முனை வேண்டாம். அதில் ஒரு வட்டத்தை நிரப்ப ஏழெட்டு முறை தேய்க்க வேண்டியிருக்கும், தாளும் சிராய்க்கும். சற்றுத் தடித்த முனை நல்லது. இரண்டு பேனா எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே இரண்டு மூன்று பக்கம் எழுதிப் பழக்கியிருக்க வேண்டும். புதிய பேனா ஆரம்பத்தில் விட்டுவிட்டு எழுதும், அல்லது முனையில் மை திரண்டு கட்டியாக விழும். அந்தக் கட்டி நிரப்பிய வட்டத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டால் கை அதைத் தேய்த்துக்கொண்டே போகும்.

இனி வட்டம். பலரும் நடுவில் தொடங்கி வெளியே சுழற்றுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாததால் கோடு தாண்டுகிறது. விளிம்பை உட்புறமாக ஒரு சுற்று வரைந்துகொண்டு, பிறகு உள்ளே மேலும் கீழுமாக நாலைந்து இழுப்பில் நிரப்புவதே சரியான முறை. விளிம்பு முதலில் அமைந்துவிட்டால் வேகமாக நிரப்பினாலும் மை வெளியே போகாது. உள்ளே இருக்கும் எழுத்து தெரியாத அளவுக்குக் கறுத்தால் போதும். அதற்கு மேல் அழுத்துவது வீண். பள்ளிக்கூட பெஞ்சுகளில் பெயர் செதுக்கிய பள்ளங்கள் இருக்கும். அதன் மேல் நேராகத் தாளை வைத்து அழுத்தினால் பேனா முனை தாளைக் குத்தி ஓட்டையாக்கிவிடும். வினாத் தொகுப்பை அடியில் வைத்துக்கொண்டு நிரப்பலாம். ஒரு வட்டத்துக்கு நான்கைந்து விநாடி ஆகும். 200 வட்டத்துக்கு 13 முதல் 17 நிமிடம் வரை வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே தேர்வுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

வியர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்த் தேர்வுக்கூடங்களில் மின்விசிறி எல்லோர் தலைக்கும் மேல் இருக்காது. மணிக்கட்டும் விரலும் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை படிந்துவிட்டால் பால்பாயின்ட் வழுக்கும். எத்தனை முறை இழுத்தாலும் மை பிடிக்காது. கைக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்று இருந்தால் போதும். இடது பெருவிரல் ரேகை வைத்த பிறகு இன்னும் கவனம் வேண்டும். மையொற்றியில் தொட்ட விரலாலேயே விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் நிரப்பத் தொடங்குகிறார்கள். தாளின் இடப்பக்கத்து வட்டங்களில் ரேகை மை படிகிறது. ரேகையை மெதுவாக ஒரே அழுத்தாக வைத்துவிட்டு, விரலைத் துணியில் நன்றாகத் துடைத்த பிறகே தாளைத் தொட வேண்டும்.

எண்களை நிரப்புவதில் நடக்கும் தவறுகள் வேறு வகை. பதிவெண் தாளிலேயே அச்சாகி வந்திருந்தால் அதை நுழைவுச் சீட்டோடு ஒப்பிட்டாலே போதும். நாமே நிரப்ப வேண்டியிருந்தால் முதலில் மேலே உள்ள கட்டங்களில் இலக்கங்களை எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே உள்ள வட்டத்தை நிரப்ப வேண்டும். சில தாள்களில் 0 மேலே முதலாவதாக இருக்கும். சிலவற்றில் 9-க்குக் கீழே கடைசியாக இருக்கும். பழக்கத்தில் முதல் வட்டத்தை 1 என்று நினைத்து எண்ணிக்கொண்டே போனால் எல்லா இலக்கமும் ஒன்று குறைந்துபோகும். சரிபார்க்கும்போது மேலே எழுதியதைப் பார்த்துச் சரிபார்க்கக் கூடாது. நிரப்பிய வட்டங்களை மட்டும் பார்த்து எண்ணை மனதுக்குள் வாசித்து, அதை நுழைவுச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். மேலே எழுதும்போதே 1-ஐ 7 என்று எழுதியிருந்தால் அப்போதுதான் அகப்படும்.

வினாத் தொகுப்பு எண் இதைவிட முக்கியம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களின் தொகுப்புகளில் வினாக்களின் வரிசை மாறியிருக்கும். எந்த விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவது என்பதைக் கருவி அந்த எண்ணிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. எண் மாறினால் நம் விடைகள் வேறு ஒருவரின் வினா வரிசையோடு ஒப்பிடப்படும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் இதற்கு மதிப்பெண் கழிப்பு, விடைத்தாள் செல்லாமற்போதல் என்று ஆணையம் கடுமை காட்டுகிறது. அந்த அளவுகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் பழைய அறிவிப்பை நம்பாமல், அந்தந்தத் தேர்வின் அறிவுரைகளைப் படிப்பது அவசியம். இன்னொன்றும் இருக்கிறது. வினாத் தொகுப்பைத் திறந்ததும் பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா, 200 வினாவும் அச்சாகியிருக்கின்றனவா என்று முதல் சில நிமிடங்களிலேயே புரட்டிப் பார்க்க வேண்டும். குறையுள்ள தொகுப்பை மாற்றித் தந்தால் அதன் எண் வேறாக இருக்கும். பழைய எண்ணை ஏற்கெனவே நிரப்பியிருந்தால் பேசாமல் இருந்துவிடக் கூடாது. அறைக் கண்காணிப்பாளரிடம் அப்போதே சொல்லி, மாற்றத்தை எழுத்தில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

எப்போது நிரப்புவது என்பதில்தான் வகுப்புகளில் தவறான ஆலோசனை அதிகம் தரப்படுகிறது. "முதலில் எல்லா வினாவுக்கும் வினாத்தாளில் டிக் போட்டுக்கொள், கடைசி அரை மணியில் மொத்தமாக நிரப்பு" என்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் வினாத் தொகுப்பில் விடையைக் குறிக்கவே கூடாது. குறிப்பு எழுதிப் பார்க்கக் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம் மட்டுமே தரப்படுகிறது. தவிர, அரை மணி நேரம் ஒரே மூச்சில் 200 வட்டம் நிரப்பும்போது கண்ணும் கையும் சோர்ந்துபோகும்; வரிசை தப்புவது அப்போதுதான். மூன்று மணி நேரத்தை 200-ஆல் வகுத்தால் ஒரு வினாவுக்கு 54 விநாடி. அதில் ஐந்து விநாடி வட்டத்துக்கு என்று வைத்துக்கொண்டு, வினாவைப் படித்து முடிவு செய்ததும் உடனே நிரப்பிவிடுவதுதான் பாதுகாப்பு.

அப்படி நிரப்பும்போதும் வரிசை தப்பலாம். 37-ஆம் வினாவைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, 38-இன் விடையை 37-இல் நிரப்பிவிடுவார்கள். முதல் பித்தானை மாற்றிப் போட்ட சட்டை போல அதற்குப் பின் எல்லாமே ஒரு படி தள்ளிப் போகும். தொகுப்பின் கடைசி வினாவுக்கு வரும்போது ஒரு வட்டம் மிஞ்சும், அப்போதுதான் தெரியும். இதைத் தடுக்க இரண்டு பழக்கம் போதும். பேனாவை வட்டத்தில் வைப்பதற்கு முன் வினா எண்ணை மனதில் சொல்லிக்கொள்வது ஒன்று: "முப்பத்தெட்டு, சி". எண்ணும் எழுத்தும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்தை மட்டும் சொன்னால் பயனில்லை. வினாத் தொகுப்பில் பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும், அந்தப் பக்கத்தின் கடைசி வினா எண்ணும் விடைத்தாளில் கடைசியாக நிரப்பிய எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது மற்றொன்று. அப்படிச் செய்தால் தப்பினாலும் சில வினாக்களோடு நிற்கும். விட்டுவைத்த வினாக்களின் எண்களைக் குறிப்புப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். விடைத்தாளில் 'பிறகு பார்க்க' என்று சிறு பொட்டு வைப்பது கூடவே கூடாது. பி-யில் பொட்டு வைத்து, பின்னால் சி-யை நிரப்பினால், கருவி எதை எடுத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

தப்பிவிட்டது என்று தெரிந்தால்? ஒயிட்னர், பிளேடு, நகத்தால் சுரண்டுவது எதுவும் வேண்டாம். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து நிழல் தட்டும், விடைத்தாளே சந்தேகத்துக்குள்ளாகும். சரியான வட்டத்தையும் சேர்த்து நிரப்பினால் இரண்டு விடையாகி அந்த வினா போய்விடும். போனது போகட்டும் என்று விட்டு, அடுத்த வினாவிலிருந்து சரியான வரிசையில் தொடர்வதுதான் வழி. எட்டு வினா போனது என்று பதறி மீதி நூறு வினாவைக் கெடுத்துக்கொள்வது பெரிய இழப்பு.

ஐந்தாவது வட்டமான 'இ' பற்றிக் குழப்பம் நிறைய. 2019-இல் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடை குறித்தார்கள். பின்னர் அந்தத் தாள்களில் சரியான விடைகள் வேறு கைகளால் நிரப்பப்பட்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்கு ஆணையம் வாழ்நாள் தடை விதித்தது. அதன்பிறகு கொண்டுவரப்பட்டதுதான் 'விடை தெரியவில்லை' என்பதற்கான இந்த வட்டமும், எந்த எழுத்தில் எத்தனை விடை குறித்தோம் என்ற எண்ணிக்கையை எழுதும் முறையும். தாளில் ஒரு வினாவும் வெற்றாக இருக்கக் கூடாது, வெற்றாக இருந்தால்தானே இன்னொருவர் நிரப்ப முடியும் என்பதே நோக்கம். ஆகவே 'இ' என்பது தேர்வருக்குச் சலுகை அன்று, மதிப்பெண்ணும் கிடையாது. குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முற்றிலும் தெரியாத வினாவிலும் நான்கில் ஒன்றை நிரப்பினால் சராசரியாக 0.375 மதிப்பெண் வாய்ப்பு உண்டு. இரண்டு விடைகளை ஒதுக்க முடிந்தால் அது 0.75. எட்டு வினாவுக்கு 'இ' போடுகிறவர் சராசரியாக மூன்று மதிப்பெண் வாய்ப்பைத் தாமே விட்டுவிடுகிறார். இதைச் சொல்லித்தர ஏன் தயங்க வேண்டும் என்று எங்களுக்குப் புரியவில்லை.

நீட் தேர்வில் நிலைமை நேர் எதிர். அங்கே 180 வினா, 180 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். தெரியாததை வெற்றாக விடுவதுதான் அங்கே முறை. பேனாவும் மையத்திலேயே தருவார்கள். வினாத் தொகுப்பின் குறியீடும் விடைத்தாளின் குறியீடும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அங்கே முதல் வேலை. விடைத்தாளுக்கு அசலும் அலுவலகப் படியும் உண்டு என்பதால் அதன் மேல் வேறு தாளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. அழுத்தம் கீழே பதியும். ஒரே வீட்டில் ஒருவர் நீட்டுக்கும் ஒருவர் குரூப் 4-க்கும் படிக்கும் காலம் இது. இரண்டின் பழக்கமும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, குரூப் 4 தேர்வில் எழுத வேண்டிய எண்ணிக்கை. 12.30-க்குத் தேர்வு முடிந்த பின் 12.45 வரை பதினைந்து நிமிடம் இதற்கென்றே தரப்படுகிறது. ஏ எத்தனை, பி எத்தனை, சி, டி, இ எத்தனை என்று எண்ணி எழுதி, அதற்கான வட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஐந்தும் சேர்ந்து 200 வர வேண்டும். பெரும்பாலானோர் தாள் முழுவதும் ஏ-வை எண்ணுகிறார்கள், பிறகு முழுவதும் பி-யை. கடைசியில் 199 வரும். எங்கே விட்டோம் என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து எண்ண நேரம் இருக்காது. இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. விடைத்தாளை 25 வினா கொண்ட எட்டுப் பகுதிகளாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் 25-இல் ஏ 6, பி 7, சி 5, டி 6, இ 1 என்று குறிப்புப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதினால் கூட்டுத்தொகை 25 வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். வராவிட்டால் அந்த 25-ஐ மட்டும் மறுபடி எண்ணினால் போதும். விட்டுப்போன வினாவும் இரட்டை வட்டமும்கூட இந்த இடத்தில்தான் கண்ணில் படும். எட்டு வரியும் முடிந்ததும் மேலிருந்து கீழாகக் கூட்ட வேண்டும். ஏ 52, பி 47, சி 49, டி 44, இ 8 என்று வந்தால் மொத்தம் 200. எழுதும் கட்டம் மூன்று இலக்கத்துக்கானதாக இருந்தால் 8 என்பதை 008 என்றே எழுதி, மூன்று வட்டங்களையும் நிரப்ப வேண்டும். கையொப்பம் கேட்ட எல்லா இடத்திலும் போட்டாயிற்றா என்பதையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

தேர்வுக்குப் பின் விடைத்தாளின் ஸ்கேன் படம் இணையத்தில் கிடைக்கிறது. தேறாதவர்களும் அதை ஒரு முறை இறக்கிப் பார்க்க வேண்டும். மங்கலான வட்டம், வழிந்த வட்டம், தப்பிய வரிசை எல்லாம் அதில் அப்படியே தெரியும். அடுத்த தேர்வுக்கு எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

தங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். மாதிரி வினாக்களை வெளியிடும் வாரங்களில், வாரம் ஒரு முறையாவது 200 வினாவுக்கான மாதிரி ஓ.எம்.ஆர். தாளை, வட்டங்கள் உண்மை அளவிலேயே இருக்கும்படி அச்சிட வேண்டும். எண்ணிக்கைக் கட்டங்களும் அதில் இருக்க வேண்டும். விடைகளை அதே பக்கத்தில் தராமல் மறுநாள் தரலாம். நாளிதழ்த் தாளில் பால்பாயின்ட் சரியாக ஓடாது, அழுத்தினால் கிழியும். எனவே அதை ஏ4 தாளில் ஒளிநகல் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒளிநகல் எடுக்கும்போது அளவைச் சுருக்கிவிடாமல் நூறு சதவீதத்திலேயே எடுக்கச் சொல்வதும் அவசியம்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.